விஷன் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை என்ன செய்வது? புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும், இருபத்திரண்டு பேர் கொண்ட ஒரு சர்வீஸ் பிரிவு என் பொறுப்பில் வந்தபோது, இரண்டாவது வாரமே 31 ஸ்லைடுகளோடு ஒரு கூட்டம் போட்டேன். "வாடிக்கையாளர் மனதில் முதலில் தோன்றும் பெயர் நம்முடையதாக இருக்க வேண்டும்" என்பது கடைசி ஸ்லைடு. கைதட்டினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது: அந்த வாசகத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

இரண்டாவது முறை முயன்றதில் ஓரளவு கைகூடியது. முதல் முறை எங்கெங்கே சறுக்கினேன், இரண்டாம் முறை எதை எந்த வரிசையில் செய்தேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒரு கம்பெனியின் பிரிவை நடத்தலாம். சங்கமோ, பள்ளியோ, தொண்டு நிறுவனமோ நடத்தலாம். தலைமைக்குப் புதியவர் என்றால் இது உங்களுக்குத்தான். கனவு காண்பது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு கனவு இருக்கிறது, அதை எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. முதல் நான்கு வாரம் பேசாதீர்கள், எண்ணுங்கள்

பொறுப்பேற்றதும் எல்லோரும் உங்கள் வாயையே பார்ப்பார்கள். ஏதாவது அறிவிக்க வேண்டும்போல நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இந்த நான்கு வாரத்தில் இரண்டே வேலைதான்.

ஒன்று, ஒவ்வொருவரோடும் தனியாக 40 நிமிடம் உட்காருவது. 22 பேர் என்றால் மொத்தம் சுமார் 15 மணி நேரம். நாளுக்கு இரண்டு பேர் வீதம் 11 வேலை நாளில் முடிந்துவிடும். மூன்று கேள்வி போதும். உங்கள் நேரம் எதில் அதிகம் வீணாகிறது? என் இடத்தில் நீங்கள் இருந்தால் முதலில் எதை நிறுத்துவீர்கள்? எதை மட்டும் தொடவே கூடாது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். காலை எட்டரைக்குள் உதிரிப் பாகங்களைப் பிரித்துக் கொடுத்துவிடும் பழக்கம் எங்கள் பிரிவில் இருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒன்பதரைக்கு மாற்றினேன். அந்த மாதம் முழுக்கத் தினமும் முதல் வேலை தாமதம்தான்.

குறிப்பெடுக்கக் கையில் ஒரு நோட்டு போதும். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டால் எதிரில் இருப்பவர் விசாரணைக்கு வந்தவர்போலப் பேசுவார்.

இரண்டாவது வேலை, உங்கள் கனவு எதை மாற்றப் போகிறதோ அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணி எழுதி வைப்பது. எங்கள் பிரிவில் பத்துப் புகாரில் ஏழு முதல் வருகையிலேயே சரியாகிவிடுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். மூன்று மாதப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மாலை உட்கார்ந்து எண்ணினேன். பத்துக்கு நான்குதான் வந்தது. அதே பழுதுக்கு ஆள் மறுபடி போன் செய்தால் அதைப் புதிய புகாராகப் பதிந்திருந்தார்கள். அதனால் கணினியில் கணக்கு அழகாகத் தெரிந்தது. இந்த எண்ணிக்கையை நீங்களே எண்ணுங்கள். "ரிப்போர்ட் எடுத்து அனுப்புங்க" என்று யாரிடமாவது சொன்னால், நீங்கள் விரும்புவதாக அவர் நினைக்கும் எண்தான் வரும்.

இந்தக் கட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த எண்ணை வைத்து உங்களுக்கு முன் இருந்தவரைக் குறைசொல்லத் தோன்றும். அவரோடு வேலை பார்த்தவர்கள்தான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னாலும் அன்று மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

2. ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்

டொயோட்டாவில் ஒரு பிரச்சினையையும் அதற்கான தீர்வையும் ஒரே ஏ3 தாளுக்குள், அதாவது 297-க்கு 420 மில்லிமீட்டருக்குள், எழுதி முடிக்கும் வழக்கம் உண்டு. புதியவர்களுக்கு அதில் பாதி போதும்: ஒரு ஏ4, ஒரு பக்கம். பின்பக்கத்தைத் தொடக் கூடாது.

அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும். இன்றைய நிலை, எண்ணோடு. எந்தத் தேதிக்குள் எந்த நிலைக்கு வர வேண்டும் என்பது, அதுவும் எண்ணோடு. அந்த மாற்றத்தை முதலில் உணரப் போகிறவர் யார். இதற்காக எதை நிறுத்துகிறோம். மேலிடத்திலிருந்து என்ன வேண்டும். இவற்றில் நான்காவதுதான் உயிர்நாடி. அதற்குத் தனியாக அடுத்த படியில் வருகிறேன்.

முதல் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எங்கள் மூத்த டெக்னீஷியன் ஒருவர் மட்டும் தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். "மேடம், நல்லா பேசினீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை காலைல நான் என்ன மாத்திச் செய்யணும்?" என்றார். "அதை அப்புறம் பேசுவோம்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

இரண்டாவது முறை தாளில் எழுதியது இதுதான்: "இன்று புகார் கொடுத்தவர் நாளை மாலைக்குள் 'சரியாயிடுச்சு' என்று சொல்ல வேண்டும். அதே பழுதுக்கு அவர் மறுபடி போன் செய்யும்படி ஆகக் கூடாது. இன்று பத்துக்கு நான்கு. 18 மாதத்தில் பத்துக்கு எட்டு." மற்ற யாருக்கும் காட்டுவதற்கு முன் அந்த அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்போ கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போன் போட்டு மாடல் நம்பர் கேட்டுக்கணும். பார்ட்ஸ் இல்லாம போய் நிக்கக் கூடாது" என்றார். போன தடவை நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

உங்கள் தாளுக்கும் இதே சோதனைதான். களத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து, திங்கட்கிழமை என்ன மாறும் என்று கேளுங்கள். அவர் "நல்லா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எனக்கு ஆறு தாள் கிழிந்தது.

"உலகத்தரம்", "முன்னணி", "தலைசிறந்த", "முழுமையான" ஆகிய நான்கையும் தேடிப்பிடித்து அடியுங்கள். ஒரு வாக்கியம் வெறும் அலங்காரமா என்று தெரியாவிட்டால் அதன் எதிர்ப்பதத்தைச் சொல்லிப் பாருங்கள். "நாங்கள் மட்டமான சேவை தருவோம்" என்று உலகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்; அப்படியானால் "தரமான சேவை தருவோம்" என்று எழுதுவதிலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

3. எதை நிறுத்தப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். என் முதல் முயற்சி தோற்றதற்கு நான் பல காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆட்கள் ஒத்துழைக்கவில்லை, மேலிடம் ஆதரவு தரவில்லை, நேரம் சரியில்லை. உண்மைக் காரணம், அந்த 22 பேரின் நாள் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நிரம்பி வழியும் பாத்திரத்தில் இன்னும் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, ஏன் கீழே சிந்துகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு மணிக்கணக்கில் ஒரு வரவுசெலவு போட வேண்டும். எக்செல் தெரிந்தால் எக்செல், இல்லையென்றால் கோடு போட்ட தாள். இடதுபக்கம் உங்கள் கனவு கேட்கும் நேரம். எங்களுக்கு: கிளம்பும் முன் வாடிக்கையாளருக்குப் போன், ஒரு புகாருக்கு 5 நிமிடம், வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி, வாரம் ஒரு சிறு கூட்டம். 14 டெக்னீஷியன், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து புகார். போன் மட்டுமே தினமும் கிட்டத்தட்ட 6 மணி நேரம் வந்தது. இந்த 6 மணி நேரம் எங்கிருந்து வரும்? "கொஞ்சம் சிரமப்பட்டுச் செய்வாங்க" என்று எழுதினீர்கள் என்றால் அங்கேயே தோற்றுவிட்டீர்கள். இரண்டு வாரம் சிரமப்படுவார்கள், மூன்றாவது வாரம் பழைய வழிக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை.

வலதுபக்கம், நிறுத்தப் போகும் வேலைகள். இங்கேதான் முதல் படியில் கேட்ட இரண்டாவது கேள்வி கைகொடுக்கும். 22 பேரில் 17 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: மாலையில் நிரப்பும் மூன்று படிவங்கள். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதினார்கள், ஆளுக்கு 45 நிமிடம். 14 பேருக்குக் கணக்குப் போட்டால் தினமும் பத்தரை மணி நேரம். அந்தப் படிவங்கள் யாருக்குப் போகின்றன என்று தேடிக்கொண்டு நான்கு மேஜை ஏறி இறங்கினேன். ஒன்று கணக்குப் பிரிவுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. இன்னொன்றை ஒருவர் கோப்பில் போட்டு வைத்துக்கொண்டிருந்தார், யாரும் கேட்டதில்லை என்றார். மூன்றாவது யாருக்குத் தொடங்கப்பட்டதோ அவர் வேலையை விட்டுப் போயே மூன்று வருடம் ஆகியிருந்தது.

இரண்டை நிறுத்தியதில் தினமும் சுமார் ஏழு மணி நேரம் மிஞ்சியது. போனுக்கான ஆறு மணி நேரம் அதிலிருந்துதான் வந்தது.

நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. எதையும் ஓசையில்லாமல் நிறுத்தாதீர்கள். சட்டம், தணிக்கை, பாதுகாப்பு தொடர்பான பதிவாக இருந்தால் பிறகு உங்கள் தலைதான் உருளும். பெறுபவரிடம் நேரில் கேளுங்கள், பிறகு "இந்தத் தேதியிலிருந்து இது வராது, தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று ஒரு மெயில் போடுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் முடிந்தது.

நிறுத்தும் பட்டியலில் உங்கள் மேலதிகாரியின் கையெழுத்தையோ மெயில் பதிலையோ கண்டிப்பாக வாங்கிவிடுங்கள். கனவுக்கு ஆதரவு தருவது எல்லோருக்கும் சுலபம். "சரி, இந்த ரிப்போர்ட்டை இனிமேல் கேட்கமாட்டேன்" என்று எழுதித் தருவதில்தான் அந்த ஆதரவு எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். என் மேலதிகாரி இரண்டாவது கனவைக் கேட்டு ஐந்து நிமிடத்தில் தலையாட்டினார். நிறுத்தும் பட்டியலில் கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, உங்கள் சொந்த வேலையிலிருந்தும் ஒன்றை நிறுத்துங்கள், அதை எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். நான் தினசரிக் காலைக் கூட்டத்தை நிறுத்தினேன். எனக்குப் பிடித்தமான கூட்டம்தான், வருத்தமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் நம்பத் தொடங்கினார்கள்.

4. பணம் கேட்பதும் ஒப்புதல் வாங்குவதும்

1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று கென்னடி பேசியதை விஷன் வகுப்புகளில் தவறாமல் மேற்கோள் காட்டுவார்கள். அதே பேச்சில் அவர் கேட்ட தொகையைச் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஐந்தாண்டில் கூடுதலாக 700 கோடி முதல் 900 கோடி டாலர் வரை ஆகும் என்று அங்கேயே சொன்னார். பாதி தூரம் போய் நின்றுவிடுவதாக இருந்தால் போகாமலே இருப்பது மேல் என்றும் சேர்த்துச் சொன்னார். கனவையும் பில்லையும் ஒரே மேஜையில் ஒரே நாளில் வைப்பதுதான் மரியாதை.

பணம் கேட்கும் தாளும் ஒரு பக்கம்தான். என்ன வேண்டும், எந்த மாதம் எவ்வளவு, கொடுத்தால் எந்த எண் எவ்வளவு மாறும், பாதிதான் கிடைக்கும் என்றால் எதை விடுவோம். கடைசிக் கேள்விக்கு விடையோடு போங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஃபைனான்ஸில் இருப்பவர் தானாகவே எல்லாவற்றிலும் 30 சதவீதம் குறைத்துவிடுவார். வண்டிக்கு மூன்று சக்கரம்தான் மிஞ்சும்.

புதியவர்கள் கணக்கில் விட்டுவிடும் செலவுகள்: பயிற்சிக்குப் போகும் ஆளின் அன்றைய வேலையை யார் செய்வது, மாறும் காலத்தில் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் சில வாரங்களுக்கான இரட்டைச் செலவு, புதிதாக எடுக்கும் ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் இழக்கும் நேரம். ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். மென்பொருளுக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இவற்றுக்குப் பிறகு, எதிர்பாராததற்கு என்று பத்து சதவீதமாவது தனி வரியாக எழுதுங்கள். மற்ற வரிகளுக்குள் ஒளித்து வைத்தால், கண்டுபிடிக்கும்போது உங்கள் மொத்தக் கணக்கின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

நேரம்தான் இங்கே பெரிய கண்ணி. உங்கள் நிறுவனத்தில் அடுத்த ஆண்டு பட்ஜெட்டின் முதல் வரைவு எந்தத் தேதியில் மூடப்படுகிறது என்று பொறுப்பேற்ற முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் அது ஆண்டு தொடங்குவதற்கு மூன்று, நான்கு மாதம் முன்பே முடிந்துவிடும். நான் ஒன்பது நாள் தாமதமாகப் போனேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். உதிரிப் பாகம் வாங்க வேண்டிய பணத்துக்காக அதன்பின் பத்து மாதம் மற்றத் தலைப்புகளில் மிஞ்சியதைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடைபாதையில் நின்றபடி "செய்ங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. சொன்னவரும் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். அன்று மாலையே, "இன்று பேசியபடி இன்ன வேலையை இன்ன தேதியில் தொடங்குகிறோம், இவ்வளவு செலவு, மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்" என்று நான்கு வரி மெயில் அனுப்பி வையுங்கள்.

5. ஒரு வேலைக்கு ஒரு பெயர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தாளில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு ஆளின் பெயர், ஒரு தேதி. "டீம்" என்பது பெயர் இல்லை. இரண்டு பெயர் எழுதினால் இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். எழுதும் முன் அந்த ஆளிடம் கேட்டுவிடுங்கள். கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் முதன்முதலாகத் தன் பெயரைத் திரையில் பார்க்கும் சங்கடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயர் மூன்று இடத்துக்கு மேல் வந்தால் அது திட்டமே இல்லை, உங்கள் ஆசைப் பட்டியல்.

6. தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு கூட்டம்

உளவியல் ஆய்வாளர் கேரி கிளைன் 2007-ல் எழுதிய ஒரு முறை இது. எல்லோரையும் உட்காரவைத்து, "ஒரு வருடம் ஆகிவிட்டது, நம் திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது?" என்று கேட்டு, பத்து நிமிடம் அவரவர் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் ஒரு காரணம் என்று சுற்றி வாருங்கள். ஒரு மணி நேரம் போதும், காசு செலவில்லை.

"இதில் என்ன பிரச்சினை வரும்?" என்று கேட்டால் எல்லோரும் மௌனமாக இருப்பார்கள், தலைவரின் திட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. தோற்றாகிவிட்டது என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். எங்கள் கூட்டத்தில் எப்போதும் பேசாத ஸ்டோர் பையன் எழுதியிருந்தது: "சனிக்கிழமை மதியத்துக்கு அப்புறம் ஸ்டோர் சாவி ஒரே ஆளிடம். அவர் லீவு போட்டால் பார்ட்ஸ் கிடையாது." 18 மாதத் திட்டத்தைக் கவிழ்க்க அந்த ஒரு சாவி போதும். இரண்டாவது சாவி செய்ய அரை நாள் ஆனது.

நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலில் பேசினால் மற்றவர்கள் உங்கள் காரணத்தையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

7. தேதி குறிப்பது

சிட்னி ஒபேரா ஹவுஸ் 1963-ல் முடிந்துவிடும், ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் 70 லட்சம் ஆகும் என்றுதான் ஆரம்பித்தார்கள். திறந்தது 1973 அக்டோபரில், 10 கோடியே 20 லட்சம் செலவில். முட்டாள்கள் கட்டிய கட்டடம் இல்லை அது. தன் வேலைக்கு ஆகும் நாளை எல்லோரும் குறைத்துத்தான் நினைப்பார்கள், பழைய அனுபவம் இருந்தாலும்கூட. உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதி, மருந்தும் சொன்னார்கள்: உங்கள் திட்டத்தின் உள்ளே உட்கார்ந்து நாளைக் கூட்டாதீர்கள், இதேபோன்ற மற்ற வேலைகள் நிஜத்தில் எத்தனை நாள் எடுத்தன என்று வெளியே போய்ப் பாருங்கள்.

எளிதாகச் செய்யலாம். உங்கள் இடத்தில் இதற்கு முன் நடந்த மூன்று மாற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: புதிய சாஃப்ட்வேர் வந்தது, இடம் மாறியது, புதிய ஷிஃப்ட் முறை, ஏதோ ஒன்று. அறிவித்த தேதி என்ன, முடிந்த தேதி என்ன? எங்கள் மூன்றும் ஏறக்குறைய இரு மடங்கு காலம் எடுத்திருந்தன. அதனால் நான் மனதில் வைத்திருந்த ஒன்பது மாதத்தை 18 ஆக்கினேன். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். முடிந்தது இருபதாவது மாதம்.

18 மாதத்தை ஒரே துண்டாக வைக்காதீர்கள். 90 நாள் 90 நாளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் வெளியாள் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு மாற்றம் இருக்க வேண்டும். எங்கள் முதல் 90 நாளின் இலக்கு மிகச் சிறியது: கிளம்பும் முன் போன் செய்வது எல்லாப் புகாருக்கும் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

8. முதலில் ஒரு மூலையில் செய்து பாருங்கள்

ஆறு வாரம், ஒரு சிறு குழு, ஒரு பகுதி. எழுதி வைத்த முறையில் எது வேலை செய்யவில்லை என்று அங்கே தெரிந்துவிடும். எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது, பாதிப் பேருக்குத் தங்கள் இயந்திரத்தின் மாடல் நம்பர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னோம், தீர்ந்தது.

முயற்சிக் குழுவுக்கு உங்கள் சிறந்த ஆட்களை எடுக்காதீர்கள். அவர்கள் எந்த முறையைக் கொடுத்தாலும் ஜெயித்துக் காட்டுவார்கள், அதை வைத்து மற்றவர்களைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். கலந்து எடுங்கள். உங்கள் திட்டம் உருப்படாது என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மாறினால் மற்றவர்களிடம் நீங்கள் பேசவே தேவையில்லை; மாறாவிட்டாலும் அவர் காட்டும் ஓட்டைகள் நிஜமான ஓட்டைகளாக இருக்கும்.

9. வாரம் ஒரு முறை, 25 நிமிடம்

ஒரே நாள், ஒரே நேரம், நின்றுகொண்டே. ஒரு தாளில் நான்கு கட்டம்: போன வாரம் சொன்னது, நடந்தது, தடை, அடுத்த வாரம். எட்டுப் பேர் 25 நிமிடம் நின்றால் வாரத்துக்கு 3 மணி 20 நிமிடம் செலவு. அதே கூட்டம் ஒன்றரை மணி நேரம் இழுத்தால் 12 மணி நேரம். மூன்றாவது படியில் அரும்பாடுபட்டு மிச்சம் பிடித்த நேரத்தை இங்கே கொட்டிவிடாதீர்கள்.

நீங்கள் வராத வாரமும் கூட்டம் நடக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து ரத்தானால் எல்லோரும் புரிந்துகொண்டுவிடுவார்கள், இதுவும் சுவரில் மாட்டப்போகும் இன்னொரு ஃபிரேம்தான் என்று.

எண்ணைக் கவனிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நான்காவது மாதம் எங்கள் எண் திடீரென்று பத்துக்கு ஏழு என்று ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, மேலிடத்துக்கு மெயில்கூட அனுப்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மாலை ஐந்தரைக்கு முடியாத புகார்களை "முடிந்தது" என்று மூடிவிட்டு மறுநாள் காலை வேறு எண்ணில் திறந்துகொண்டிருந்தார்கள். ஒரு அளவை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை என்பார்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்னதிலிருந்து வந்தது. அவர் சொன்னது பணக்கொள்கை பற்றி, ஆனால் எங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

யாரையும் திட்டவில்லை. எண்ணை வைத்து வாரக் கூட்டத்தில் ஆள் ஆளாகக் கேள்வி கேட்டது நான்தானே. அதன்பின் ஆள்வாரியாக எண் காட்டுவதை நிறுத்தினோம், வாரம் பத்து வாடிக்கையாளருக்கு நானே போன் போட்டு, "சரியாயிடுச்சா?" என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு மணி நேர வேலை. எண் பத்துக்கு ஐந்துக்கு இறங்கியது, ஆனால் உண்மையான ஐந்து. மேலிடத்துக்கு இன்னொரு மெயில் எழுத வேண்டியிருந்தது. எழுதியதிலேயே கஷ்டமான மெயில் அதுதான்.

10. கோப்பு

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்திருங்கள், காகிதமோ கணினியோ. அதில் ஏ4 தாளின் எல்லாப் பதிப்புகளும் தேதியோடு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திருத்துவீர்கள், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் எண்ணிக்கை, நிறுத்தும் பட்டியல், ஒப்புதல் மெயில்கள், தோல்விக் கூட்டத்தில் எழுதிய தாள்கள். இவற்றோடு முடிவுப் பதிவு ஒன்று: எந்தத் தேதியில், என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன். ஒரு முடிவுக்கு இரண்டு வரி. "இதை ஏன் இப்படி மாத்துனீங்க?" என்று ஒரு வருடம் கழித்துக் கேட்பார்கள், அன்று உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

நீங்கள் வேறு பொறுப்புக்கு மாறும்போது அடுத்து வருபவருக்குக் கொடுக்க வேண்டியது இந்தக் கோப்புதான். நிறுத்தும் பட்டியலை மேலே வையுங்கள். நான் கிளம்பிய இரண்டாவது மாதம், நிறுத்திய படிவங்களில் ஒன்றை யாரோ திரும்பக் கேட்டாராம்; புதியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்ட அதிகாரியிடமே அவரை அனுப்பிவிட்டார். கோப்பைச் சரிபார்த்து அடுக்க இரண்டு நாள் ஆகும். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள், அந்த வாரம் பிரிவுபசாரக் கூட்டங்களிலேயே ஓடிவிடும்.